நல்ல கஞ்சா விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஒரு விதைக் கடைக்காரியின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராயக்கோட்டையில் விதைக் கடை நடத்துகிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், கோஸ், சாமந்தி என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் போடுகிற பயிர்களுக்கெல்லாம் எங்கள் கடையில் விதை உண்டு. மாமனார் தொடங்கிய கடை. இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம்.

கொஞ்ச காலமாகக் கடைக்கு வரும் சில பையன்கள், மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அக்கா, வீட்டுல தொட்டியில வைக்க நல்ல கஞ்சா விதை எங்க வாங்கலாம்?" விளையாட்டாகக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. செல்போனைத் திறந்து, வெளிநாட்டு விற்பனையாளரின் விலைப் பட்டியலைக் காட்டி, "இதுல எது நல்ல ரகம்னு நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் விதை தெரியும்" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், வாராவாரம் பெங்களூரு போய் வருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். யாரும் ரவுடிகள் இல்லை. நாளைக்கு அவர்களுடைய அப்பாவே வந்து என்னிடம் தக்காளி விதை வாங்குவார்.

அவர்களைத் திட்டி அனுப்பிவிடலாம். ஆனால் வேறு கடையில், வேறு ஆளிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். அதனால் இதை ஒரு விதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவருகிறேன். உங்கள் நாளிதழில் வந்தால் கடைக்கு வராதவர்களுக்கும் போய்ச் சேரும் என்றுதான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். "விதை கஞ்சா இல்லைன்னு சட்டத்துலயே இருக்கு அக்கா" என்று ஒரு பையன் என்னிடம் வாதம் செய்தான். அவன் சொன்னது பொய் இல்லை. 1985ஆம் வருடத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்றுதான் சொல்கிறது. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த விளக்கத்துக்குள் வராது. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இந்த விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்து சாப்பிடுகிறார்கள். 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், போதைச் சத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்து, இதன் விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக விற்கலாம் என்று அனுமதித்தது. இணையத்தில் டப்பாவில் அடைத்து விற்பது அந்த உணவு விதைதான்.

அந்தப் பையன் படிக்காமல் விட்டது அடுத்த பக்கம். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, கஞ்சாச் செடி எதையும் பயிரிடக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. 20ஆம் பிரிவு அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. எத்தனை செடி என்ற கணக்கு அங்கே கிடையாது. ஏக்கரில் போட்டாலும் மாடியில் பெயின்ட் வாளியில் ஒன்று வைத்தாலும் பயிரிட்டதுதான்.

இதில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. விளைந்து காய்ந்த கஞ்சாவில் ஒரு கிலோ வரை சட்டத்தின் பார்வையில் சிறிய அளவு. அதை வைத்திருந்து பிடிபட்டால் அதிகபட்சம் ஓர் ஆண்டு தண்டனை. இதை எங்கேயோ கேள்விப்பட்டு, "ஒரு செடியில கால் கிலோகூட வராது, பெரிய கேஸ் ஆகாது" என்று பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சிறிய அளவு, பெரிய அளவு வித்தியாசமெல்லாம் வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது போன்றவற்றுக்குத்தான். வளர்ப்பதற்குத் தண்டனை தனியாக எழுதப்பட்டிருக்கிறது. வெளியில் யாரிடமாவது வாங்கிப் புகைப்பதைவிட வீட்டிலேயே வளர்த்துக்கொள்வது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் நேர் எதிராக இருக்கிறது. இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தாலே பாதிப் பேர் அந்த விலைப் பட்டியலை மூடிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, இப்போது விதைக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

"தரமான விதை" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். விதையைக் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் சொல்ல யாராலும் முடியாது. எடை இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். உள்ளே கரு உயிரோடு இருக்கிறதா, உறை மேல் எழுதிய ரகம்தானா, நோய் எதையாவது சுமந்து வந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தக்காளி விதை ஒரு கிராமில் கிட்டத்தட்ட முந்நூறு இருக்கும். அத்தனையும் ஒன்றுபோலவே இருக்கும். விவசாயி நாற்றுவிட்டு, நட்டு, குச்சி கட்டி, மருந்து அடித்து, காய் பிடிக்கிற வரைக்கும் தான் வாங்கியது என்ன என்று அவருக்கே தெரியாது.

அதனால்தான் விதை வியாபாரத்துக்கு இத்தனை காகிதம். 1966இல் விதைச் சட்டம் வந்தது. 1983இல் விதைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உரிமம் இல்லாமல் விதை விற்க முடியாது. சான்று பெற்ற விதைப் பையில் நீல நிற அட்டை தைத்திருக்கும். அந்த விதையைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை, அதற்கும் மூலமான வல்லுநர் விதைக்கு மஞ்சள். கம்பெனி தன் பொறுப்பில் விற்கும் விதைக்குப் பச்சை. தக்காளி என்றால் நூற்றுக்கு 70 முளைக்க வேண்டும், மிளகாய் 60, வெண்டை 65, கேழ்வரகு 75. இது குறைந்தபட்ச அளவு. இதற்குக் கீழே போனால் விற்கவே கூடாது. பையின் மேல் குவியல் எண், அதாவது லாட் நம்பர், பரிசோதனை செய்த தேதி, எந்தத் தேதி வரை செல்லும், உற்பத்தி செய்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். விதை ஆய்வாளர் எந்த நேரமும் கடைக்குள் வந்து மாதிரி எடுக்கலாம். எடுக்கிற மாதிரியை மூன்றாகப் பிரிப்பார். ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒரு பங்கு பரிசோதனை நிலையத்துக்கு, ஒரு பங்கு சீல் வைத்து அவரிடமே இருக்கும். பின்னால் தகராறு வந்தால் அந்த மூன்றாவது பங்கு பேசும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்களிடம் ஒரு கம்பெனியின் வீரிய ஒட்டுத் தக்காளி வாங்கிப்போனார். குழித்தட்டில் நாற்று நன்றாகத்தான் வந்தது. நட்டு, பூ எடுத்து, காய் திரண்டபோதுதான் தெரிந்தது, வயலில் இரண்டு விதமான செடி. ஒன்று அவர் கேட்ட கெட்டித் தோல் காய், லாரி ஏறித் தூர ஊர் மண்டிவரை தாங்குவது. மற்றது தோல் மெலிந்து, பழுத்தவுடன் வெடிக்கிற காய். மண்டியில் இரண்டையும் கலந்து எடுக்க மாட்டார்கள். அந்த வருடம் விலையும் நன்றாக இருந்தது. மனுஷன் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார்.

ஆனால் அவர் காலி உறையைத் தூக்கிப் போடவில்லை. பில்லையும் உறையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். உறையில் லாட் நம்பர் இருந்தது, பில்லிலும் அதே நம்பர். என்னுடைய இருப்புப் பதிவேட்டில் அந்த லாட் என்றைக்கு வந்தது, யார் யாருக்குப் போனது என்று இருந்தது. நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். இன்னும் சிலர் வயலிலும் அதே கலப்பு. எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். வேளாண் அதிகாரிகள் வயலுக்கு வந்து செடிகளை எண்ணிப் பார்த்து எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் முதலில் தட்பவெப்பம் என்றார்கள், பிறகு உரம் என்றார்கள். ஒரே லாட் போட்ட எல்லா வயலிலும் ஒரே கலப்பு இருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் நாற்று, உரம், ஆள்கூலி அளவுக்காவது பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். போன விலை போனதுதான். ஆனாலும் ஒரு விவசாயி ஒரு கம்பெனியைப் பதில் சொல்ல வைத்தார். கெட்ட விதையால் நஷ்டப்பட்ட விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே 2012இல் சொல்லியிருக்கிறது.

விதை எங்கே வாங்குவது என்றால் இதுதான் என் பதில். விதை பொய்த்துப்போனால் யார் வாசலில் போய் நிற்க முடியுமோ, அவரிடம் வாங்க வேண்டும்.

இப்போது அந்தப் பையன் செல்போனில் காட்டிய பட்டியலுக்கு வாருங்கள். பளபளவென்று படம். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கவர்ச்சியான பெயர். அத்தனை விதையும் பெண் செடியாகவே வரும், போதைச் சத்து இத்தனை விழுக்காடு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முளைக்கும் என்று வாக்குறுதிகள். கீழே கொண்டுபோகச் சொன்னேன். கடைசியில் பொடி எழுத்தில், "இவை ஞாபகப் பொருளாக மட்டும் விற்கப்படுகின்றன, உங்கள் நாட்டுச் சட்டம் தடுத்தால் முளைக்க வைக்கக் கூடாது" என்று போட்டிருந்தது. இப்படி விற்கிற வெளிநாட்டுக் கடைகள் நிறைய.

அதைப் படித்துக் காட்டி அவனிடம் கேட்டேன். "தம்பி, முளைக்க வைக்காதேன்னு எழுதி விக்கிறவன், முளைக்கலைன்னு நீ போய்க் கேட்டா என்ன சொல்லுவான்?" அவனிடம் பதில் இல்லை. நான் அப்படி ஒரு வரியை என் மிளகாய் விதை உறையில் ஒட்டினால், அன்றைக்கே என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கவும் வேண்டும்.

பணம் எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். யாரோ ஒருவருடைய கணக்குக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். சரக்கு எப்படி வரும்? உள்ளே இருப்பது வெளியே தெரியாத மாதிரி, வேறு பொருள் போலக் கட்டி வருமாம். இதை ஒரு வசதியாகச் சொன்னான். எனக்கு இது போதும். உறை மேல் பெயர் எழுத முடியாத விதைக்கு லாட் நம்பர் எங்கே எழுதுவது? பில் இல்லை, முகவரி இல்லை, மாதிரி எடுக்க ஆய்வாளர் இல்லை. வந்தது கஞ்சா விதைதானா என்பதே தெரியாது. பிரித்துப் பார்த்தால் வேறு ஏதோ இருந்தால் எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பான்?

"எல்லாம் பெண் செடியாக வரும்" என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பப்பாளி வைத்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். விதையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமல், குழிக்கு மூன்று நான்கு கன்று வைத்து, பூ வந்த பிறகு வேண்டாததை வெட்டுவார்கள். கஞ்சாவிலும் விதையில் ஒன்றும் தெரியாது. பெண் செடி ஒன்றையே ஆண் பூ பூக்க வைத்து, அந்த மகரந்தத்தில் விதை எடுத்தால் பெரும்பாலும் பெண்ணாக வரும் என்பது உண்மைதான், அந்த முறை வெளிநாடுகளில் இருக்கிறது. ஆனால் அந்த முறையில் எடுத்த விதை இதுதானா என்று யார் சான்று கொடுத்தது? பெயரை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. அமெரிக்காவில் வடக்கு கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுமதி பெற்ற கடைகளில் ஒரே ரகப் பெயரில் விற்ற கஞ்சாவை வாங்கி மரபணுச் சோதனை செய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பெயரில் இருந்தவற்றில் பல, ஒன்றோடொன்று மரபில் ஒத்துப்போகவில்லை. அனுமதி பெற்ற கடையிலேயே இந்த நிலை என்றால், பொம்மைப் பெட்டிக்குள் ஒளிந்து வரும் உறையில் எழுதிய பெயருக்கு என்ன மதிப்பு?

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து எந்த விதை வந்தாலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். கஞ்சா இல்லை, கத்தரி விதையாக இருந்தாலும் இதே விதிதான். 2020இல் கேட்காமலே தபாலில் மர்ம விதைப் பொட்டலங்கள் பல நாடுகளுக்குப் போனபோது, ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. விதை வழியாக நோய் பரவும். தக்காளியில் தேமல் நோய் வந்து ஒரு பட்டமே போனதைப் பார்த்த ஊர் இது. தெரியாத விதையை இந்த மண்ணுக்குள் விடுவதை ஒரு விதைக்காரியாக என்னால் ஏற்க முடியாது.

ஒருவன் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய அண்ணன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அங்கே வீட்டில் செடி வைத்திருக்கிறார், போட்டோ அனுப்புகிறார். "அங்க சரின்னா இங்க ஏன் தப்பு?" என்றான். அங்கே சரிதான். 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் வயது வந்தவர் தன் வீட்டில் மூன்று செடி வரை வைத்துக்கொள்ளலாம். விதையை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வாங்கலாம், அல்லது உரிமம் பெற்ற வளர்ப்போர் சங்கங்களிடம் வாங்கலாம். அதற்கும் மாதத்துக்கு இத்தனை விதை என்று கட்டுப்பாடு இருக்கிறது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு நான்கு செடி, விதை உரிமம் பெற்ற கடையில். அந்த நாட்டிலேயே கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது, 2023இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. தாய்லாந்து 2022 ஜூனில் மொத்தமாகத் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. ஒரு நாட்டுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது, வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அண்ணன் அங்கே அந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருக்கிறார். அவர் என்னிடம் கேட்டால், தக்காளிக்குச் சொல்வதையேதான் சொல்வேன்: விற்பவரின் முகவரி இருக்கிறதா, உறையில் குவியல் எண்ணும் அடைத்த தேதியும் இருக்கிறதா, முளைக்காவிட்டால் என்ன செய்வார் என்று எழுதியிருக்கிறாரா, பில் தருகிறாரா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு விதையைக்கூடத் தம்பிக்குக் கடிதத்தில் வைத்து அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்தக் கடிதம் போய்ச் சேருவது தம்பியின் வழக்குக் கட்டுக்குள்.

நம் நாட்டிலேயே வழி இல்லையா என்றால், இருக்கிறது. நாருக்காகவும் விதைக்காகவும் இந்தச் செடியை வளர்க்க அரசு அனுமதி கொடுக்கலாம் என்று அதே 1985 சட்டத்தின் 14ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுத்துத் தொடங்கியது. போதைச் சத்து 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டிலும் மானாவாரி நிலத்துக்கு இப்படி ஒரு நார்ப் பயிர் வேண்டும் என்று யாராவது நினைத்தால், அதைச் சட்டமன்றத்தில் கேட்கட்டும், வேளாண் பல்கலைக்கழகம் ஆராய்ந்து ரகம் தரட்டும், விதைச் சான்றுத் துறை அட்டை கட்டட்டும். அப்படி அட்டை கட்டி வந்தால் நானே அலமாரியில் வைப்பேன். அதுவரைக்கும் மாடித் தொட்டியில் வைப்பது சட்டத்தை மாற்றும் வேலை ஆகாது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் நிறையப் பேர். துவரைக்கு நடுவிலும் மரவள்ளிக்கு நடுவிலும் ஊடுபயிராகக் கஞ்சா வைத்துப் பிடிபட்ட செய்தியை உங்கள் நாளிதழிலேயே அவ்வப்போது படிக்கிறோம். தன் நிலத்தில் இப்படி ஒரு செடி இருப்பது தெரிந்தால் உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தே சொல்லாமல் இருந்தால் நிலக்காரருக்கும் தண்டனை. குத்தகைப் பணம் வந்தால் போதும் என்று இருக்காதீர்கள், பட்டத்துக்கு ஒரு தடவையாவது வரப்பில் நடந்து பாருங்கள்.

கஞ்சாவோடு இந்தப் பிரச்சினை முடியவில்லை. வீட்டுத் தோட்டம் போடுகிற பெண்கள் இணையத்தில் "நாற்பது வகை விதை" என்று கிட் வாங்குகிறார்கள். நீல நிற ஸ்ட்ராபெரி, ஏழு நிற ரோஜா என்று படம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு ஸ்ட்ராபெரி உலகத்திலேயே இல்லை, ரோஜாவை விதை போட்டு யாரும் அந்த நிறத்தில் எடுக்கவும் முடியாது. அந்தக் கிட்டுகளை வாங்கிவந்து என்னிடம் காட்டியிருக்கிறார்கள். சிறு பிளாஸ்டிக் உறை, மேலே பேனாவில் காயின் பெயர். பரிசோதனைத் தேதி இல்லை, லாட் இல்லை. என் கடையில் ஒரு உறையில் தேதி அழிந்திருந்தாலும் கேள்வி கேட்கிற துறை, இதை எப்படி விடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. பதிவேடு பராமரித்து, உரிமம் புதுப்பித்து நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது பெரிய வருத்தம். வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல விதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பெங்களூரு எசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா என்ற பெயரில் தான் வெளியிடும் ரகங்களின் விதையைத் தானே விற்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சில உண்டு. மாடியில் கஞ்சா வளர்த்த இளைஞர் கைது என்று செய்தி போடும்போது, செடியின் மதிப்பு இத்தனை ஆயிரம் என்று போடாதீர்கள். அந்தத் தொகையைப் படிக்கிற ஒருவன் அதை வருமானமாகத்தான் கணக்குப் போடுவான். அதற்குப் பதிலாக எந்தப் பிரிவில் வழக்கு, வளர்த்ததற்கு எத்தனை ஆண்டு வரை தண்டனை, வைத்திருந்ததற்கு எத்தனை என்று இரண்டு வரி போடுங்கள். கைதோடு செய்தி நின்றுவிடுகிறது, அந்தப் பையனுக்குப் பிறகு என்ன ஆனது, ஜாமீன் கிடைத்ததா, பாஸ்போர்ட் எடுக்க முடிந்ததா, வேலை என்ன ஆனது என்று ஒரு வருடம் கழித்துப் போய் விசாரித்து எழுதுங்கள். பழக்கத்திலிருந்து மீள உதவி கேட்க 14446 என்ற எண்ணும், கடத்தல், விற்பனை பற்றித் தகவல் சொல்ல 1933 என்ற எண்ணும் இருக்கின்றன. இவற்றை அந்தச் செய்தியின் அடியிலேயே போடலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்து விதை ஆய்வு அதிகாரிகளுக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. இணையத்தில் விற்கிற வீட்டுத் தோட்ட விதைகளை நீங்களே சாதாரண வாடிக்கையாளராக ஆர்டர் செய்து வாங்கி, எங்கள் கடையில் எடுப்பது மாதிரியே மூன்று பங்காக மாதிரி எடுத்து, பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, முடிவைப் பெயரோடு வெளியிடுங்கள். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் செய்தால் இந்த வருடமே பலருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
விதைக் கடை உரிமையாளர்,
இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.